கழன்ற சக்கரமும் நான் சொன்ன பொய்யும்

வீரவநல்லூருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் என் டிரெய்லரின் இடப்பக்கச் சக்கரம் கழன்று ஓடியதற்கு லேத் பட்டறை அண்ணாச்சி காரணமில்லை. நான்தான் காரணம். “நட்டைச் சரியா முடுக்காம அனுப்பிட்டாரு” என்று அன்றைக்கு நடுரோட்டில் நின்று நான் சொன்னது பொய். வாய் தவறி வந்ததும் இல்லை. நடந்தது என்னவென்று நன்றாகத் தெரிந்துகொண்டே சொன்னது. அந்தப் பொய் எனக்கு முன்னால் டவுனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டிராக்டர் டிரெய்லருக்கு அச்சு கடையவும் ஹப் மாற்றவும் அவரிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு பட்டறை தேடிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

டிரெய்லர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற ஒற்றை அச்சு வண்டி. கட்டில் அகலத்துக்கு இரும்புச் சட்டம், அதன்மேல் தகரப் பெட்டி. பெட்டிக்குள் மடக்குக் கூடாரம், பாய் தலையணை, கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன். மூடியைத் திறந்து கம்பிகளை நிமிர்த்தினால் நாலு பேர் படுக்கலாம். வெளிநாடுகளில் இதைக் கடையில் விற்கிறார்கள். நம் ஊரில் வெல்டிங் பட்டறைக்கும் லேத் பட்டறைக்கும் பழைய இரும்புக் கடைக்கும் மாறி மாறி நடந்துதான் உருவாக்க வேண்டும். என் வண்டிக்குச் சக்கரமும் ஹப்பும் பழைய மாருதி ஆம்னியிலிருந்து எடுத்தவை. 12 அங்குல ரிம், 145 அகல டயர். பார்வைக்குச் சின்னதுதான். ஆனால் ஒரு தொந்தரவும் தராமல் மணப்பாடு கடற்கரை வரை போய் வந்திருக்கிறது.

இந்த வண்டி ஆசைக்குக் கௌரவமான ஒரு காரணம் வைத்திருந்தேன். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போவதென்றால் தாத்தா காலத்தில் கூட்டுவண்டி பூட்டித்தான் போவார்களாம். அரிசி, பருப்பு, வெங்கலப்பானை எல்லாம் வண்டிக்குள். பாபநாசம் தாண்டி மலையேறி, காரையாறு பக்கம் ஆற்றங்கரையில் மாட்டை அவிழ்த்துவிட்டு, குடில் போட்டு நாள்கணக்கில் இருந்துவிட்டு வருவார்கள். வண்டிக்காரர் எங்கே நிறுத்தினாலும் முதலில் கடையாணியைத் தட்டிப் பார்ப்பாராம். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வைத்திருக்கும் மையை அச்சில் தடவுவார். குடம், ஆரக்கால், வட்டை, மேலே சுற்றிய இரும்புப் பட்டா என்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்த பிறகே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார். அப்பா இதையெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வண்டியில் படுத்துத் தூங்கும் சுகத்தை மட்டும் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டு கடையாணியை விட்டுவிட்டேன்.

அதோடு, என் டிரெய்லர் அய்யனார் கோவில் பக்கமே போகப்போவதில்லை. அந்தக் காடு 1988-இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. திருவிழாவுக்குத் தங்கும் நாள்களை வனத்துறை குறைத்துவிட்டது. தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியில் நிறுத்தச் சொல்லி, ஆட்களை அரசுப் பேருந்தில் மேலே ஏற்றுகிற ஏற்பாடும் வந்தது. ஆகவே விக்கிரமசிங்கபுரத்தில் சொந்தக்காரர் தோப்பில் டிரெய்லரை நிறுத்திக் கூடாரம் விரிப்போம். கோவிலுக்குப் பஸ்ஸில் போய் வருவோம். தோப்புக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும். முந்தின ஆடியில் மச்சினன் என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது என்ன அத்தான், ஐஸ் வண்டியா?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிய சக்கரம் போட வேண்டும் என்று முடிவெடுத்தது அந்த நிமிஷத்தில்தான்.

வெளியில் வேறு காரணம் சொன்னேன். மாஞ்சோலை ரோடு மாதிரி மேடு பள்ளத்துக்குச் சின்னச் சக்கரம் ஆகாது, குழியில் முழுதாக இறங்கிவிடும், பெரிய சக்கரம் ஏறிப் போய்விடும் என்றேன். இதில் பொய் இல்லை. ஆனால் என் மனசில் உறுத்தியது மாஞ்சோலை ரோடு இல்லை, மச்சினன்.

பழைய சாமான் கடையில் ஸ்விஃப்ட் காரின் 14 அங்குல அலாய் வீல் ஒரு ஜோடி டயரோடு கிடைத்தது. பேரம் பேசி வாங்கி, அண்ணாச்சியின் பட்டறை வாசலில் கொண்டுபோய் இறக்கினேன். ஹப்பில் நாலு ஸ்டட், சக்கரத்தில் நாலு ஓட்டை. மாட்ட வேண்டியதுதானே பாக்கி என்று நின்றேன்.

அண்ணாச்சி சக்கரத்தைத் தொடுவதற்கு முன்னால் வெர்னியரை எடுத்தார். எதிரெதிராக இருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி அளந்தார். ஸ்டட்டுகள் நிற்கிற வட்டத்தின் குறுக்களவு அது. பட்டறையில் பி.சி.டி. என்பார்கள். ஆம்னிக்கு 114.3 மில்லிமீட்டர், அதாவது நாலரை அங்குலம். ஸ்விஃப்டுக்கு 100. பக்கத்துக்கு ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. மாட்டப் போனால் ஒரு ஸ்டட்டும் நுழையாது. நடுவில் ஹப்பின் மூக்கு நுழைகிற ஓட்டையும் சேரவில்லை.

“தம்பி, இது உங்க ஹப்புக்குச் சேராது பாத்துக்கிடுங்க” என்றார். சக்கரத்தை மாற்றுவதென்றால் ஹப்பையும் மாற்ற வேண்டும். 100 பி.சி.டி. உள்ள ஹப் வாங்கினால் அதன் உள்பேரிங், வெளிப்பேரிங், ஆயில் சீல் மூன்றும் உட்காரும் அளவு வேறாக இருக்கும். அதற்குத் தக்கபடி அச்சின் முனையைப் புதிதாகக் கடைந்து வெல்டு வைக்க வேண்டும். சக்கரம் பெரிதாவதால் சட்டம் நாலு சென்டிமீட்டர் உயரும். கொக்கிப் பக்கம் அப்படியே இருக்கும் என்பதால் வண்டி மூக்குக் குப்புறச் சாயும். கொக்கியையும் உயர்த்த வேண்டும். நடுவில் தகடு வைத்து, ஒரு வட்டத்தில் பழைய ஸ்டட்டும் இன்னொரு வட்டத்தில் புது ஸ்டட்டுமாகச் செய்ய முடியாதா என்று கேட்டேன். கனத்த தகடாக வைத்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், மட்கார்டில் இடிக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும் என்றார். எல்லாவற்றையும் முறையாகச் செய்தால் ஆடி அமாவாசை கழிந்துவிடும். கூலியும் நான் சக்கரத்துக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாக வரும்.

“அப்ப, ஓட்டையை வெளிப்பக்கமா ராவி விடுங்க” என்றேன்.

நான் கேட்டது எவ்வளவு பெரிய தப்பு என்பது புரிய வேண்டுமானால், சக்கரம் எப்படி நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சக்கரத்தை ஸ்டட்டுகள் தாங்குவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் நட்டை முடுக்கும்போது ஸ்டட் இம்மியளவு இழுபட்டு நீள்கிறது. அந்த இழுவிசை ரிம்மின் முகத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவிலுள்ள உராய்வுதான் பாரம் முழுவதையும் தாங்குகிறது. நட்டின் அடிப்பாகம் கூம்பாக இருக்கும். ரிம் ஓட்டையின் வாயும் அதே கூம்பில் இருக்கும். சக்கரம் சரிநடுவில் உட்காருவதற்கு அந்த ஏற்பாடு. ஓட்டையை நீள்வட்டமாக ராவினால் கூம்பு போய்விடும், நட்டுக்கு உட்கார இடமில்லை. வாஷர் போட்டால் அது மெதுவாக அலுமினியத்தைத் தின்னும். தின்னத் தின்ன இறுக்கம் குறையும், ரிம் அசையத் தொடங்கும், அசைவில் நட்டு தானாகவே சுழலும். மிச்சத்தை ரோடு பார்த்துக்கொள்ளும். இதையெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அரத்தைக் கையில் எடுக்கும் முன்பே அண்ணாச்சி எனக்குச் சொல்லிவிட்டார்.

“இது நிக்காது தம்பி. நான் செய்ய மாட்டேன்” என்றும் சொன்னார்.

நான் செய்தது இதுதான். முதலில் சிரித்தேன். அப்புறம், “உங்களால முடியாதுன்னா சொல்லிருங்க அண்ணாச்சி, வேற இடத்துல குடுத்துக்கிடுதேன்” என்றேன். அவர் வீட்டில் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். பட்டறையில் வேலை குறைவு. இரண்டும் எனக்குத் தெரியும். முன்பணம் என்று ஒரு தொகையை லேத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பணத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அரத்தை எடுத்தார்.

அரம் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பெருமை பேசினேன். 1877-இல் நம்ம திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய குடும்பத் தொழிலிலிருந்துதான், 1960களில் சென்னைப் பாடியில் சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியாவும், நட்டும் போல்ட்டும் செய்யும் சுந்தரம் பாசனர்ஸும் வந்தன என்றேன். “சக்கரத்துக்கும் நட்டுக்கும் நம்ம ஜில்லாக்காரன்தாம்வே” என்று முடித்தேன். அதே நேரம் எதிர்ப் பட்டறையில் நாலு ஓட்டைகளிலும் நட்டு உட்காருகிற கூம்பு என் பணத்துக்காகத் தேய்ந்துகொண்டிருந்தது.

வேலை முடிந்ததும் அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு நட்டிலிருந்தும் ரிம் வரைக்கும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். கோடு பிரிந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். “வெறும் வண்டியா, மெதுவா, தோப்பு வரைக்கும் போறதுக்குத்தான் இது. சேரன்மாதேவியில நிறுத்தி முடுக்குங்க. அம்பாசமுத்திரத்துல இன்னொரு தடவை. வந்ததும் கழத்திப் போட்டுருவோம்” என்றார். இடப்பக்கச் சக்கரத்தைக் கூடுதலாகக் கவனிக்கச் சொன்னார். பழைய வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்க ஸ்டட்டுகளுக்கு த்ரெட்டே எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும், ஓட்டத்தில் நட்டு தளராமல் இருப்பதற்காக; இப்போதைய கார்களில் அது கிடையாது என்று விளக்கினார். வீல் ஸ்பேனரையும் கையில் கொடுத்தனுப்பினார். ஒரு மனிதர் இதைவிட எப்படி எச்சரிக்க முடியும்?

வெறும் வண்டியாகவும் கொண்டுபோகவில்லை. அரிசி மூட்டை, தண்ணீர் கேன், பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் என்று வாய் வரைக்கும் ஏற்றினேன். சேரன்மாதேவியில் நிறுத்தவில்லை. மறந்து போகவில்லை, ஊர் எல்லை வந்தபோது ஸ்பேனர் ஞாபகம் வந்தது. இறங்கி நட்டை முடுக்கினால், புதுச் சக்கரத்துக்கு எதற்கு இது என்று மனைவி கேட்பாள். பிள்ளைகளின் காதில் விழும். தோப்பில் மச்சினனுக்குத் தெரிந்துவிடும். அதனால் நிறுத்தாமல் போனேன். வீரவநல்லூர் தாண்டியதும் பின்னாலிருந்து டக், டக் என்று கேட்டது. டயர் பட்டனில் கல் மாட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஹப் தார் ரோட்டைக் கீறிக்கொண்டு வந்தது. கழன்ற சக்கரம் என் காரைத் தாண்டி முன்னால் ஓடியது. ரோட்டோரத்தில் துள்ளி, ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரின் முழங்காலுக்குக் கீழே அடித்துவிட்டு, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார் நெல் நின்ற வயலுக்குள் போய் விழுந்தது. அவருக்கு எலும்பில் விரிசல். தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரிகளில் நினைக்கிறேன்.

பெரியவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியபின் கூட்டம் என்னைச் சுற்றியது. “எங்கவே வேலை பாத்தது?” என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது எங்கே வேலை பார்த்தது என்பதை மட்டும்தான். வேலை சொன்னது யார் என்று யாருமே கேட்கவில்லை. அந்தச் சந்துக்குள் நுழைந்துகொண்டேன். அண்ணாச்சி பேரைச் சொன்னேன். நட்டை முடுக்காமல் அனுப்பிவிட்டதாகச் சொன்னேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று உண்டு. வலப்பக்கச் சக்கரம் வண்டியிலேயே நின்றது. அதில் வெள்ளைக் கோடுகள் எல்லாமே பிரிந்து கிடந்தன. ரிம்மில் ஒரு துண்டு, நட்டில் ஒரு துண்டு. வாஷரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் அலுமினியப் பொடி. விவரம் தெரிந்த ஒருவர் குனிந்து பார்த்தால் கதை முழுவதும் அங்கேயே எழுதியிருந்தது: முடுக்கித்தான் அனுப்பியிருக்கிறார், அடையாளமும் வைத்திருக்கிறார், வழியில் நான் பார்க்கவில்லை. வயலில் இறங்கி மற்றச் சக்கரத்தை உருட்டி வந்த சாக்கில், கையிலிருந்த சேற்றை அந்தக் கோடுகளின்மேல் பூசினேன்.

பயமும் இருந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவில்லாமல் ரோட்டில் இழுக்கக் கூடாது. பதிவான வண்டியிலும் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய 52-ஆம் பிரிவு இடம் தராது. என் டிரெய்லருக்குப் பதிவே இல்லை. பெரியவர் புகார் கொடுத்தால் எல்லாம் வெளிவரும். அவர் கொடுக்கவில்லை. வைத்தியச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். “பாவம், யாரோ செஞ்ச தப்புக்கு இவர் குடுக்காரு” என்று அவர் வீட்டார் என்னைப் புகழ்ந்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஊர் என் சொல்லை நம்பியது. மடிப்புக் கலையாத சட்டை போட்டவன் சொன்னால் நம்புவார்கள். கையில் கிரீஸ் உள்ளவர்மேல் பழி சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அண்ணாச்சி என்னைத் தேடி வந்து சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம்போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் வரவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரே வந்து உட்கார்ந்தவர், “அந்தப் பெரியவருக்குக் கால் சரியாயிட்டா தம்பி?” என்று மட்டும் கேட்டார். சரியாகிவிட்டது என்றேன். பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பட்டறை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் மனசாட்சி திடீரென்று விழித்துக்கொண்டதல்ல. கூடார டிரெய்லர் செய்துகொண்டிருக்கும் ஓர் இளைஞர் யோசனை கேட்டு என்னிடம் வந்தார். பெரிய சக்கரம் போட வேண்டுமாம். எந்தப் பட்டறையில் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவராகவே, “அந்த அண்ணாச்சி பட்டறைக்கு மட்டும் போகாதீங்கன்னு சொல்லுதாங்க சார், முன்னால யாருக்கோ சக்கரம் கழண்டு ஓடிட்டாம்” என்றார். அந்த ‘யாருக்கோ’ நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் ரோட்டில் சொன்ன பொய் இத்தனை காலமும் ஊருக்குள் நடமாடி, என் வீட்டுத் திண்ணையில் எனக்கே புத்தி சொல்ல வந்து உட்கார்ந்திருந்தது.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். மறுநாள் பட்டறைக்குப் போனேன். எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் பெரிதாக அசையவில்லை. “எழுதுங்க. ஆனா அரத்தைப் புடிச்சது என் கையி. அதையும் சேத்து எழுதுங்க. மாட்டேன்னு சொன்னவன் கடைசி வரைக்கும் மாட்டேன்னே நின்னுருக்கணும்” என்றார். சேறு பூசியதைச் சொன்னேன். அப்போதுதான் முகம் மாறியது. “அது எனக்குத் தெரியாதே” என்றார். நான் என்ன சொல்லியும் அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மன்னித்தாரா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. கேட்கிற யோக்கியதையும் இல்லை.

அரம் பிடித்த கை அவருடையது என்பதை அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். அதை என் கணக்கில் தள்ளுபடியாக யாரும் கழிக்க வேண்டாம். கல்யாணச் செலவை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவரிடம், அது தெரிந்தே பணத்தை நீட்டியவன் நான். அவருடைய பங்கு அந்தப் பணத்தில்தான் தொடங்குகிறது.

அந்த இளைஞருக்குச் சொன்னதையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். வேறு சக்கரம் போட ஆசையிருந்தால் முதலில் ஹப்பை அளங்கள். பி.சி.டி., நடு ஓட்டை, நட்டின் கூம்பு மூன்றும் சேர வேண்டும். சேராவிட்டால் ஹப்பை மாற்றி அச்சைக் கடையுங்கள். ஓட்டையில் கை வைக்காதீர்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தைக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி, யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று இறங்கி, நட்டை மறுபடி முடுக்குங்கள். வேலையை அந்த அண்ணாச்சியிடமே கொடுங்கள். டவுனில் லேத் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் பட்டறையைக் காட்டுவார்கள். அவர் முடியாது என்று சொன்னால் பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள்.